சியாங் ஆற்றில் கயாக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் அருணாசலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில், டூட்டிங்கிலிருந்து பாசிகாட் வரை காட்டுப் பள்ளத்தாக்கு வழியே கயாக்கில் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அருவியிலிருந்து கயாக்கோடு குதிப்பவர்களை யூடியூபில் பார்க்கிறேன். சியாங்கில் அப்படி அருவி எதுவும் நீங்கள் சொல்லவில்லை. பிறகு ஏன் அதைக் கடினமான ஆறு என்கிறீர்கள்? — கல்லூரி மாணவர், திருச்சி

தண்ணீரின் அளவுதான் காரணம், தம்பி. சிற்றாற்றில் பயப்பட வேண்டியது பாறைக்கு. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். சியாங் அப்படியில்லை. திபெத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நம்சா பர்வா மலையைச் சுற்றி வளைந்து, அந்த வளைவிலேயே சுமார் 2000 மீட்டர் இறங்கி நம் எல்லைக்குள் வருகிறது. அவ்வளவு தண்ணீரும் குறுகலான பள்ளத்தாக்குக்குள் முண்டியடிக்கும். ஓர் அலையின் அடியில் இருக்கும்போது அடுத்த அலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இரண்டு நீரோட்டங்கள் உரசுகிற கோட்டில் திடீரென்று சுழி கிளம்பும். கயாக்கின் பின்பக்கத்தை உள்ளே இழுத்துச் செங்குத்தாக நிறுத்தும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுழியே இருக்காது, வேறோர் இடத்தில் கிளம்பியிருக்கும். வழியை மனப்பாடம் செய்துகொண்டு இறங்க முடியாது.

அதனால் பெரிய இரைச்சல் கேட்டாலே கரை ஒதுங்கி, இறங்கிப் போய்ப் பார்ப்போம். ஓரிடத்தில் நண்பர் ஒரு மரக்கட்டையை ஆற்றில் எறிந்தார். அது நுரைக்குழிக்குள் போனது. மேலே வந்தது, திரும்ப உள்ளே போனது, மறுபடி வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவரை அது அங்கிருந்து வெளியேறவே இல்லை. யாரும் விவாதம் செய்யவில்லை. கயாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஈரப் பாறைகள் மேல் அந்த இடத்தைச் சுற்றி நடந்தோம். சோறு, படுக்கை எல்லாம் உள்ளே இருக்கும்போது முப்பது கிலோவைத் தாண்டும். எங்கே இறங்கக் கூடாது என்று கரையிலேயே தீர்மானிப்பதுதான் இந்த ஆற்றில் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன். வீடியோவில் அந்த நடை வராது.

என் மகள் ரிஷிகேஷில் ஒரு வாரம் கயாக் கற்றுக்கொண்டாள். இப்போது நண்பர்கள் சியாங்குக்குக் கூப்பிடுகிறார்களாம். அனுப்பலாமா? — இல்லத்தரசி, ஈரோடு

இப்போது கயாக்கில் வேண்டாம், அம்மா. கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே துடுப்பால் நிமிர்த்துவதை ரோல் என்போம். அமைதியான தண்ணீரில் அது வந்துவிட்டால் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. பனி உருகி வந்த தண்ணீரில் விரல் மரத்துப்போன நிலையில், அலைக்கு நடுவே, இடம் வலம் இரண்டு பக்கமும் யோசிக்காமல் வர வேண்டும். சியாங்கில் கயாக்கை விட்டு வெளியே வந்தால் கரை சேர்வதற்குள் ஆறு வெகுதூரம் கொண்டுபோய்விடும். அவள் இன்னும் இரண்டு மூன்று சீசன் கங்கையிலேயே பழகட்டும்.

ராஃப்டில், அதாவது பலர் சேர்ந்து போகும் காற்றடித்த ரப்பர் படகில், பயணியாகப் போவதென்றால் யோசிக்கலாம். அழைத்துப் போகிறவர்களிடம் சாட்டிலைட் போன் இருக்கிறதா, கூடவே காவலுக்குக் கயாக்காரர்கள் வருகிறார்களா, முதலுதவி படித்தவர் யார் என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று. "எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த இடத்தை நடந்து கடக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் குழுவில் கேலி செய்வார்களா என்று மகளிடம் விசாரியுங்கள். செய்வார்கள் என்றால் அனுப்பாதீர்கள்.

திபெத்தின் சாங்போதான் சியாங் என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

கேட்டதற்கு நன்றி ஐயா. இதில் கிந்துப் என்பவரின் பெயரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சிக்கிம்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்தவர். 1880-ல் பிரிட்டிஷ் நில அளவைத் துறை அவரை ஒரு லாமாவுடன் திபெத்துக்கு அனுப்பியது. அடையாளமிட்ட கட்டைகளைச் சாங்போவில் விட வேண்டும், அவை சியாங் போய்ச் சேரும் அசாமில் வந்து சேர்கின்றனவா என்று இங்கே பார்ப்பார்கள். அந்த லாமாவோ பணத்தைச் செலவழித்துவிட்டு, கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பி ஓடிய கிந்துப் ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே வேலை செய்தார். யாத்திரை என்று சொல்லி விடுப்பு வாங்கி 500 கட்டைகளை வெட்டி ஒரு குகையில் மறைத்தார். எந்த நாட்களில் விடப்போகிறேன் என்று லாசாவிலிருந்து கடிதம் அனுப்பினார். சொன்னபடியே நாளுக்கு 50 கட்டையாகப் பத்து நாள் விட்டார். கடிதம் உரியவர் கைக்குச் சேரவில்லை. ஆற்றின் இந்தப் பக்கம் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1884-ல் அவர் திரும்பி வந்து சொன்னதைப் பலர் நம்பவும் இல்லை. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று தெரிந்தது. இன்றைக்கு நாம் கையில் வரைபடத்தோடு அந்த ஆற்றில் இறங்குகிறோம்.

ராத்திரி எங்கே படுப்பீர்கள்? மிருகம் வராதா? — வாசகி, மதுரை

குளிர்காலத்தில் ஆறு வற்றி, கரையில் நல்ல மணல்திட்டுகள் தெரியும். அங்கேதான். மிருகத்தைவிடச் சின்னக் கருப்பு ஈதான் பாடாய்ப் படுத்தும். கடித்த இடத்தில் ரத்தப்புள்ளி வைத்து நாள்கணக்கில் அரிக்கும்.

எனக்கு உண்மையான பயம் தண்ணீர் ஏறுவதில்தான். இருட்டுவதற்குள் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பேன். நடுராத்திரி எழுந்து டார்ச் அடித்து அதைப் பார்ப்பேன். இங்கே மழையே இல்லாவிட்டாலும் திபெத்தில் மலை சரிந்தால் ஆறு மாறும். 2000-ல் அங்கே யிகோங்கில் மலை சரிந்து ஒரு கிளையாற்றை அடைத்தது. அந்த அடைப்பு ஜூனில் உடைந்து வந்த வெள்ளம் சியாங் கரை ஊர்களில் உயிர்களைக் கொண்டுபோனது. 2018 அக்டோபரிலும் மேலே ஆறு அடைபட்டு, இங்கே எச்சரிக்கை கொடுத்தார்கள்.

அணைகள் வருகின்றனவாமே? — வாசகர், சேலம்

ஆமாம். மேலே திபெத்தின் மெடோக் பகுதியில் சீனா 2025 ஜூலையில் பிரம்மாண்டமான நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. இந்தப் பக்கம் சுமார் 11,000 மெகாவாட்டில் அப்பர் சியாங் திட்டம் பேசப்படுகிறது. வயலும் ஊரும் மூழ்கும் என்று ஆதி பழங்குடி மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவர்கள் நெல் விளையும் சரிவுகளைப் பார்த்திருக்கிறேன். நான் அவர்கள் பக்கம்தான்.

எப்போது, எப்படிப் போவது? — பலர்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நமக்கு இன்னர் லைன் பெர்மிட் (அருணாசலத்துக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு) வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். திப்ரூகர் வரை ரயிலோ விமானமோ இருக்கிறது. அங்கிருந்து போகிபீல் பாலம் தாண்டிப் பாசிகாட், பிறகு யிங்கியோங் வழியாக டூட்டிங். மலைப்பாதையில் மண்சரிவு சகஜம் என்பதால் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு ரிட்டர்ன் டிக்கெட் போடுங்கள்.