136, 472 கிலோஹெர்ட்ஸில் பரிசோதனை செய்ய ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை இது: அமெச்சூர் வானொலி உரிமம் கையில் இருக்கிறது, 136, 472 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு தாழ் அலைவரிசைகளிலும் பரிசோதனை செய்ய ஆசையும் இருக்கிறது, ஆனால் வீட்டின் பின்னால் இருப்பது சிறு தோட்டம்தான். ஏற்கெனவே வந்த பதில்களில் ஒன்று, பண்ணை வைத்திருப்பவர்களைத் தவிர வேறு யாரும் இதில் இறங்க வேண்டாம் என்கிறது. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தென் இங்கிலாந்தில், வரிசை வீடு ஒன்றின் பின்னால் உள்ள ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட தோட்டத்திலிருந்து இந்த இரண்டு அலைவரிசைகளிலும் நான் சிக்னல் அனுப்புகிறேன், அது பிற நாடுகளில் பதிவாகிறது. ஆகவே முடியும் என்பதே என் பதில். உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், சிற்றலையின் 40 மீட்டர், 20 மீட்டர் அலைவரிசைகளில் உங்களுக்கு ஓரளவு பழக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நிலம் வேண்டும் என்பவர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 136 அலைவரிசைக்குள் வரும் 137 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2,190 மீட்டர், அதில் கால் பங்கு உயரம் என்றால் 547 மீட்டர். அவ்வளவு உயரக் கம்பத்தைப் பண்ணையில்கூட யாரும் நடப்போவதில்லை. ஆக, தாழ் அலைவரிசையில் அமெச்சூர்கள் அமைக்கும் ஆன்டெனாக்கள் எல்லாமே மிகக் குட்டையானவைதான், உங்களுக்கும் பண்ணைக்காரருக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமே. சுவீடனில் 1924 இல் கட்டப்பட்டு, 2004 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கிரிமெட்டன் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 17.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் அந்த நிலையத்தில் 127 மீட்டர் உயரமுள்ள கோபுரங்கள் ஆறு நிற்கின்றன. ஆனால் அந்த அலைநீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல் என்பதால், அங்கேயும் ஆன்டெனா குட்டையானதுதான். குட்டை ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, கொடுக்கும் ஆற்றலில் எவ்வளவு மண்ணில் வெப்பமாகிறது, எவ்வளவு வானில் போகிறது என்பதைக் கண்டறிந்து, முதலாவதைக் குறைப்பதுதான் இந்தத் துறையின் வேலையே.

என் அமைப்பைச் சொன்னால் உங்களுக்கு எண்கள் பிடிபடும். 10 மீட்டர் உயரத்தில், புகைபோக்கியின் பக்கத்திலிருந்து தோட்டத்தின் கோடி வரை, ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு மூன்று இணைக் கம்பிகள் கட்டியிருக்கிறேன். அவற்றிலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பிதான் உண்மையில் அலைகளை வீசுகிறது. மேலே உள்ள கிடைக் கம்பிகள் மின்தேக்கத்தைக் கூட்டி, அந்தச் செங்குத்துக் கம்பி முழுவதிலும் மின்னோட்டம் குறையாமல் ஓடச் செய்கின்றன. மொத்த மின்தேக்கம் சுமார் 240 பிகோஃபாரட். 137 கிலோஹெர்ட்ஸில் அதற்கு ஈடு கொடுத்து ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர 5.6 மில்லிஹென்றி அளவுள்ள லோடிங் காயில் தேவைப்படுகிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் டிரம்மின் மேல் சுமார் 165 சுற்று, அதாவது 150 மீட்டருக்கும் அதிகமான கம்பி. காயிலின் உள்ளே சுழலும் சிறிய காயில் ஒன்றையும் வைத்திருக்கிறேன். வேரியோமீட்டர் என்று வழங்கும் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், மழை பெய்து கம்பிகள் நனையும்போது ஒத்ததிர்வு நகர்ந்துவிடும், அதைப் பின்தொடர்ந்து சரிசெய்ய வழியிருக்காது.

அலையாக வெளியே போகும் ஆற்றலைக் குறிக்கும் கதிர்வீச்சு மின்தடை, இந்த ஆன்டெனாவில் 137 கிலோஹெர்ட்ஸில் வெறும் 0.025 ஓம் அளவில்தான் வருகிறது. மண், மரங்கள், காயில் எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் இழப்பு மின்தடையோ தொடக்கத்தில் 110 ஓமுக்கு மேல் இருந்தது. நிலத்தில் செம்புக் கம்பிகளை அடித்து இறக்கினேன், வேலியோரமாக எர்த் கம்பிகளை ஓட்டினேன், ஓரளவு குறைந்தது. அதன் பிறகு எத்தனை கம்பி சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. மேல் கம்பிகளின் ஒரு முனை மரக்கிளைகளுக்கு மிக அருகில் போகிறது என்பதைக் கவனித்து, அதை நகர்த்திக் கட்டியபோதுதான் இழப்பு 80 ஓமுக்கு வந்தது. மண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தோட்டம் சிறியதாக இருந்தால் மரங்களையும் சுவர்களையும் பற்றி அதே அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பது என் அனுபவம். உங்கள் மண் வேறாக இருந்தால் எண்களும் வேறாகும். என் எண்களை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்ட வரம்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2007 இல் நடந்த உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையும், 2012 மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையும் அமெச்சூர்களுக்கு இரண்டாம் நிலை உரிமையாக, அதாவது முதல் நிலைப் பயனர்களுக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற அளவில், ஒதுக்கின. பொதுவான வரம்பு, எல்லாத் திசைகளிலும் சமமாக வீசுவதாகக் கற்பனை செய்யும் ஐசோட்ரோபிக் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட கணக்கில், 1 வாட் வெளிவீச்சு. 472 இல் சில நிபந்தனைகளோடு நாடுகள் 5 வாட் வரை அனுமதிக்கலாம். நான் ஆன்டெனாவுக்குள் 1 ஆம்பியர் செலுத்தினால் 137 கிலோஹெர்ட்ஸில் 80 வாட் செலவாகிறது, வெளியே போவது இந்தக் கணக்கின்படி 0.08 வாட்கூட இல்லை. முழு 1 வாட்டை எட்ட வேண்டுமானால் 3.6 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும், அதற்கு டிரான்ஸ்மிட்டர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் தர வேண்டும், காயிலின் மேல் முனையில் 17,000 வோல்ட் நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து பொறுக்க வரும் தோட்டத்தில் அதை நான் செய்ய மாட்டேன். 1 ஆம்பியரிலேயே சுமார் 5,000 வோல்ட் வருகிறது என்பதால் காயிலைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், இடி மின்னல் வரும் நாட்களில் ஆன்டெனாவைக் கழற்றி எர்த் செய்துவிடுகிறேன். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

இந்தக் காரணத்தால்தான் 472 இல் தொடங்குங்கள் என்று சொல்கிறேன். அதே கம்பிகள் அங்கே சுமார் 0.3 ஓம் கதிர்வீச்சு மின்தடை தருகின்றன, இழப்பு 35 ஓம் அளவுக்கு இறங்குகிறது, காயில் அரை மில்லிஹென்றிக்குள் அடங்கிவிடுகிறது. 5 வாட் வரம்பை எட்ட 2.4 ஆம்பியரும் 200 வாட்டும் போதும். அதில் பாதி ஆற்றலோடு நான் அனுப்பிய சிக்னலே குளிர்கால இரவுகளில் நார்வேயிலும் கேனரித் தீவுகளிலும் பதிவாகியிருக்கிறது. மின்னோட்டத்தைக் கட்டாயம் அளந்து பாருங்கள். ஃபெரைட் வளையம் ஒன்றில் சுற்றிய மின்னோட்ட மின்மாற்றியும் எளிய மீட்டரும் இருந்தால் அதைச் செய்துவிடலாம். ஆன்டெனா மின்னோட்டத்தை அளக்காமல், டிரான்ஸ்மிட்டர் காட்டும் வாட்டை மட்டும் சொல்பவரிடம் இந்த அலைவரிசையில் விவாதித்துப் பயனில்லை.

டிரான்ஸ்மிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவான மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இரண்டை வைத்து, டி வகுப்பில் இயங்கும் புஷ்-புல் சுற்று ஒன்றையும் தகுந்த வடிகட்டியையும் செய்துகொள்ளலாம். கடையில் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை இங்கே உதவாது. கையால் செய்துதான் ஆக வேண்டும் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இனி, சிக்னலைக் கணினியே அனுப்பிக் கணினியே படிக்கும் முறைகளைப் பற்றி, எனக்கு வருத்தம் தரும் ஒரு விமர்சனம். "அது கணினியும் கணினியும் பேசிக்கொள்வது, அதில் உனக்கு என்ன வேலை?" என்று கிளப்பில் என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். இந்தப் பதிலின் கீழும் யாராவது கேட்கக்கூடும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் உருவாக்கிய விஸ்பர் (WSPR) என்ற கணினி முறையில் ஒரு செய்தி ஏறத்தாழ இரண்டு நிமிடம் நீள்கிறது, அகலம் 6 ஹெர்ட்ஸ் அளவில்தான். 2,500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலுக்குச் சுமார் 30 டெசிபல் கீழே இருக்கும் சிக்னலையும் அது படித்துவிடும். தாழ் அலைவரிசைகளை மனத்தில் கொண்டு பின்னர் வந்த எஃப்எஸ்டி4டபிள்யூ (FST4W) முறையில் ஒரு செய்தியை அரை மணி நேரத்துக்கு நீட்டினால், 45 டெசிபல் கீழே வரை இறங்கலாம். அந்த அரை மணி நேரமும் உங்கள் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூட நகரக் கூடாது, ஆகவே அதிர்வெண்ணை உருவாக்கும் அலையியற்றியை ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு பூட்ட வேண்டும். காதுக்கு எட்டாததைக் கணினி பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சிக்னல் தோட்டத்தை விட்டு வெளியே போனதற்குக் காரணம் காயிலும் எர்த்தும் நகர்த்திக் கட்டிய கம்பியும்தான், அவற்றை எந்தக் கணினியும் செய்து தரவில்லை. கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு 472 இல் மோர்ஸ் இருக்கிறது. குளிர்கால மாலைகளில் காதால் கேட்டு, கையால் அடித்து, இருவழித் தொடர்பு கொள்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 1999 வரை கப்பல்களின் அபாய அழைப்புக்கு உரியதாக இருந்த 500 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, அதே மோர்ஸ் ஒலியைக் கேட்பதைப் பழைய காலத்து விளையாட்டு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களைத் தடுக்கப்போவது நிலப்பற்றாக்குறையைவிட இரைச்சலாகத்தான் இருக்கும். அனுப்புவதைவிடக் கேட்பது கடினம். சார்ஜர், எல்.இ.டி. விளக்கு என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச் மோட் பவர் சப்ளையும் இந்த அதிர்வெண்களில் குப்பை கொட்டுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சோலார் பேனல்களோடு மின்கலத் தொகுதி ஒன்றும் பொருத்தினார்கள். பேனலின் இரைச்சல் பகலோடு போய்விடும், மின்கலத்தின் இன்வெர்ட்டரோ இருட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. பகலில் இந்த அலைகளை உறிஞ்சிவிடும், அயனி மண்டலத்தின் டி அடுக்கு மறைந்து, 472 இல் தொலைவான சிக்னல்கள் வரத் தொடங்குவதும் அப்போதுதான். பொருத்திய நிறுவனத்துக்கு அளவீடுகளோடு எழுதினேன். கருவி சான்றிதழ் பெற்றது, அதனால் எந்தக் குறையும் இருக்க முடியாது என்று பதில் வந்தது. அளவீட்டுத் தாள்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை, எங்கள் வீட்டுக் கூரையிலும் பேனல்கள் உண்டு. சில பவுண்டு விலையுள்ள வடிகட்டியை மிச்சப்படுத்துவதற்காக ஒரு தெருவின் வானொலிப் பரப்பையே பாழாக்குவது தவறு என்றுதான் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். இருவரும் சேர்ந்து கேபிள்களை உயர் ஊடுதிறன் கொண்ட பெரிய ஃபெரைட் வளையங்களில் பல சுற்றுகள் சுற்றினோம், இரைச்சல் கணிசமாகக் குறைந்தது. கேபிளின் மேல் மாட்டும் சிறிய ஃபெரைட் கிளிப்பால் 136 கிலோஹெர்ட்ஸில் ஒரு பயனும் இல்லை, வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேட்பதற்குத் தனி ஆன்டெனா வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இயன்ற அளவு தள்ளி, தோட்டத்தின் கோடியில், தனக்கென்று எர்த்தும் உள்ளேயே பெருக்கியும் கொண்ட சிறிய ஆக்டிவ் ஆன்டெனா, அல்லது இரைச்சல் வரும் திசையை விலக்கித் திருப்பக்கூடிய வளைய ஆன்டெனா. ரிசீவருக்கு முன்னால் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு இரைச்சல் கேபிளின் உறை வழியாக உள்ளே வந்துவிடும். எதையும் செய்வதற்கு முன் அலைவரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ரிசீவரைப் பயன்படுத்துங்கள். பின்னாளில் நீங்கள் அனுப்பும் சிக்னல் அங்கே வருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளவும் அது உதவும்.

உரிம நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. பிரிட்டனில் 136 கிலோஹெர்ட்ஸ் 1998 இலேயே கிடைத்தது, அமெரிக்காவில் இரண்டு அலைவரிசைகளும் 2017 இல்தான் திறந்தன. அங்கே மின்வாரியக் கட்டுப்பாட்டுச் சிக்னல்கள் செல்லும் உயர் மின்னழுத்தப் பாதைகளிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் உரிமத்தில் உள்ளதைப் படித்துவிட்டுக் கம்பி கட்டுங்கள்.

முதலில் கம்பிகளைக் கட்டி, காயில் சுற்றுவதற்கு முன்பே ஆன்டெனாவின் மின்தேக்கத்தை அளந்துவிடுங்கள். அந்த எண்ணையும், உங்களிடம் உள்ள டிரம்மின் விட்டத்தையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதினால், 472 இல் எத்தனை சுற்று வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.