சர்வதேசச் சட்டத்தில் தனிமனித உரிமைகள் பற்றிய வழக்குகளுக்கு கேஸ் பிரீஃப் எழுதுவது எப்படி?

கேட்டவர் காட்பாடி சட்டக் கல்லூரி மாணவர். பன்னாட்டுச் சட்டத் தாளுக்கு சில வழக்குகளைத் தேர்ந்து பிரீஃப், அதாவது தீர்ப்பின் சங்கதிகள், எழுவினா, முடிவு, காரணம் ஆகியவற்றின் சுருக்கம், எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். உள்ளூர் வழக்குகளுக்கு எழுதும் பாணியிலேயே எழுதினால் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்கிறார். நான் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உள்ளூர் வழக்கில் நாம் கேட்கத் தேவையே இல்லாத ஒரு கேள்வியை இங்கே முதலில் கேட்க வேண்டும். உரிமை யாருடையது, வழக்குப் போட்டது யார்? முன்சீப் கோர்ட்டில் நிலத்தை இழந்தவரே வாதி. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். பாதிக்கப்பட்டவர் தீர்ப்பு முழுக்கப் பேசப்படுவார், ஆனால் வழக்கின் தலைப்பில் இரண்டு நாடுகளின் பெயர்தான் இருக்கும். 1924-இல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் அன்றைய நிரந்தர நீதிமன்றம் (இன்றைய சர்வதேச நீதிமன்றத்தின் முன்னோடி) சொன்னது இது: குடிமகனுக்காக ஒரு நாடு வழக்குப் போடும்போது, அது தன் சொந்த உரிமையைத்தான் நிலைநாட்டுகிறது. இந்த நிலையிலிருந்து ஒவ்வொரு வழக்கும் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் உங்கள் பிரீஃபின் வேலை. ஆசிரியர் தேடுவதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

லாகிராண்ட் வழக்கில் தொடங்குங்கள். ஜெர்மனி எதிர் அமெரிக்கா, தீர்ப்பு 2001 ஜூன் 27. கார்ல், வால்டர் என்ற இரு சகோதரர்கள். ஜெர்மன் குடிமக்கள், சிறு வயது முதல் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். 1982-இல் அரிசோனாவில் ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியில் மேலாளர் கொல்லப்பட்டார். இருவருக்கும் மரண தண்டனை. வெளிநாட்டவரைக் கைது செய்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு இது. இவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபிறகு எழுப்பப் பார்த்தால், மாநில நீதிமன்றத்தில் எழுப்பாத வாதத்தை இனி எழுப்ப முடியாது என்று பெடரல் நீதிமன்றங்கள் கதவை மூடிவிட்டன. அப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாதவர் அதை எப்போது எழுப்பியிருக்க முடியும்? 1999 பிப்ரவரி 24-இல் கார்லுக்குத் தண்டனை நிறைவேறியது. மார்ச் 2-இல் ஜெர்மனி ஹேக் போனது. மறுநாள் நிறுத்திவைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. அதே நாளில் வால்டரும் கொல்லப்பட்டார்.

பெரும்பாலான மாணவர்கள் இந்தக் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். மனதை உலுக்கும் கதைதான், ஆனால் பிரீஃபில் அதற்கு ஆறேழு வரி போதும். கொள்ளை எப்படி நடந்தது என்பது தீர்ப்பின் காரணத்துக்குத் தேவையே இல்லை. 36-ஆவது பிரிவில் இருப்பது நாடுகளின் உரிமையா, கைதானவரின் உரிமையா என்பதுதான் எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி. நாடுகளுடையது, தனிமனிதருக்குக் கிடைப்பது அதன் நிழல் மட்டுமே என்று அமெரிக்கா வாதிட்டது. பிரிவின் வாசகமே தெளிவாக இருக்கிறது, அது தனிமனித உரிமைகளை உருவாக்குகிறது என்று நீதிமன்றம் 77-ஆம் பத்தியில் சொன்னது. அப்புறம் அடுத்த பத்தியையும் விடாமல் படியுங்கள். இது மனித உரிமை என்ற தகுதியையும் பெற்றுவிட்டது என்று ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. அதைப் பரிசீலிக்கத் தேவை இல்லை என்று நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றமோ 1999 அக்டோபரிலேயே தன் கருத்துரையில் அந்தப் படியைத் தாண்டியிருந்தது. தீர்ப்பு எதைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு உங்கள் பிரீஃபில் ஒரு பத்தி இருக்கட்டும்.

நம் வேலூரில் இந்தப் பிரிவு வெறும் பாடமும் இல்லை. காந்தி ரோடு லாட்ஜுகளில் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் தங்கும் பங்களாதேஷ் குடும்பங்களைப் பார்க்கிறீர்கள். அவர்களில் ஒருவர் விசா சிக்கலில் கைதானால், முதல் நாளே அவரிடம் சொல்ல வேண்டியது இந்த உரிமையைத்தான். இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

எனக்குப் பயன்படும் ஒரு வழி: ஒவ்வொரு தரப்பும் கடைசியாகக் கேட்ட பரிகாரத்தையும், தீர்ப்பின் முடிவில் உள்ள உத்தரவையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சட்டம் இருக்கிறது. 2019 ஜூலை 17-இல் வந்த ஜாதவ் தீர்ப்பைப் பாருங்கள். பாகிஸ்தானில் தண்டிக்கப்பட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா ஹேக்கில் போட்ட வழக்கு. ராணுவ நீதிமன்றத்தின் மரண தண்டனையை ரத்து செய்து அவரை விடுவிக்கச் சொல்லி இந்தியா கேட்டது. பாகிஸ்தான் 36-ஆவது பிரிவை மீறியது என்று 15-க்கு 1 என்ற கணக்கில் முடிவானாலும், ரத்தும் விடுதலையும் கிடைக்கவில்லை; தூதரகத் தொடர்புக்கு வழிசெய்து, தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதுதான் கிடைத்த முக்கியப் பரிகாரம். ஏன்? நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு வந்ததே வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை வழியாக; அந்த உடன்படிக்கை பற்றிய தகராறுகளை இந்த நீதிமன்றம் விசாரிக்க நாடுகள் சம்மதிக்கும் துணை ஒப்பந்தம் அது. அதனால் நியாயமான விசாரணை குறித்து மற்ற உடன்படிக்கைகளை வைத்து இந்தியா சொன்ன வாதங்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. அதிகார வரம்பு என்ற பகுதியை ஒற்றை வரியில் கடந்துபோகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தியாலோ வழக்கைச் சுருக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கினி நாட்டுத் தொழிலதிபரை காங்கோ வெளியேற்றிய வழக்கு. 2012-இல் 95,000 டாலர் இழப்பீடு. பணம் கினிக்கு வழங்கப்பட்டது, ஆனால் அது தியாலோவுக்கு நேர்ந்த பாதிப்பை ஈடுசெய்யவே என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. மாவ்ரோமாட்டிஸ் காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது இதில் தெரியும்.

தனிமனிதர் தானே போய் முறையிட்ட ஒரு வழக்கும் அவசியம் வேண்டும். சிங்கராசா எதிர் இலங்கையை எடுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர். போலீஸ்காரர் ஒருவரே மொழிபெயர்க்க, சிங்களத்தில் பதிவான வாக்குமூலத்தில் கைரேகை வைத்தார். அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்தது. 50 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் 35 ஆனது. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் நியாயமான விசாரணைக்கான 14-ஆவது பிரிவு மீறப்பட்டது என்று முடிவு செய்தது. 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்யும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. உரிமை அவருடையது, முறையீடும் அவருடையது, வென்றதும் அவர்தான். கைக்கு எதுவும் வரவில்லை. இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிரீஃபில் அந்தக் கோபம் வேண்டாம், இரண்டு அமைப்புகளின் முடிவுகளையும் தேதியோடு அடுத்தடுத்து எழுதினாலே போதும். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவே இல்லை என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

கடைசியாக நம் உச்ச நீதிமன்றத்துக்குள் சர்வதேசச் சட்டம் நுழைந்த வழக்குகள். 1980-இன் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தீர்ப்பை ஈ.பி. மனுக்களில் (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுக்களில்) நாங்கள் இன்றும் காட்டுகிறோம். கடனைக் கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் போடக் கூடாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். அதே குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை தானாகவே நம் சட்டமாகிவிடாது என்று சொல்லிவிட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவை அதன் வெளிச்சத்தில் படித்தார்.

1996 ஆகஸ்ட் 28-இன் வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்கு வேறு வழியில் போனது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஆகாமல் போனது. மக்கள் அமைப்பு அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போயிற்று. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் சர்வதேச வழக்காற்றுச் சட்டம், நம் சட்டத்துக்கு முரணில்லாத வழக்காறு நம் சட்டத்தின் பகுதிதான் என்றது நீதிமன்றம். இங்கே ஒரு விமர்சனம் எழுத இடம் இருக்கிறது. நாடுகள் கடமை என்று கருதித் தொடர்ந்து பின்பற்றும் வழக்கம்தான் வழக்காற்றுச் சட்டம் ஆகும். நாடுகள் உண்மையில் அப்படி நடந்துகொள்கின்றனவா, கடமை என்று கருதித்தான் நடந்துகொள்கின்றனவா என்பதற்குத் தீர்ப்பு விரிவான ஆதாரம் காட்டவில்லை. முடிவு சரி என்றுதான் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் சொல்வேன். ஆனால் அதற்கான காரணம் மெலிந்திருக்கிறது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். பத்தி எண்களைக் கட்டாயம் கொடுங்கள். ஹேக் தீர்ப்புகள் நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், அங்குள்ள சுருக்கத்தை நம்பி மூலத்தை விட்டுவிடாதீர்கள். மாறுபட்ட தீர்ப்புகளில் ஒன்றையாவது படியுங்கள். ஒரு வழக்குக்கு இரண்டு பக்கம் தாண்டினால், சங்கதிகளில்தான் முதலில் கத்தி வைக்க வேண்டும்.