விசில் அடிக்க இடமில்லாத பழிவாங்கல்: 'கன்ஃபெஷன்ஸ்' கேள்வி பதில்

காளவாசல் பக்கம் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஜப்பானியப் படம் 'கன்ஃபெஷன்ஸ்' (2010) போட்டோம். பார்த்தவர்களும், பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்டதற்குப் பதில் இது. முடிவைச் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

செல்லூர் தம்பி: நான் வரலண்ணே, கதை என்ன?

கனாயே மினாதோவின் நாவலை தெட்சுயா நகாஷிமா படமாக்கியிருக்கிறார். பள்ளி ஆண்டின் கடைசி நாள். ஓர் ஆசிரியை பேசுகிறார். பயலுகள் பால் குடித்துக்கொண்டு, செல்போனை நோண்டிக்கொண்டு கத்துகிறார்கள். "என் நான்கு வயது மகள் நீச்சல் குளத்தில் இறந்தது விபத்தல்ல, இந்த வகுப்பில் இருக்கும் இரண்டு பேர் செய்த கொலை" என்கிறார். அந்த இருவரின் பாலில் எச்ஐவி தொற்றுள்ள ரத்தத்தைக் கலந்துவிட்டதாகவும் சொல்கிறார். இதெல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே.

மேலூர் ஆசிரியை: அவர் ஏன் போலீஸுக்குப் போகவில்லை?

பையன்களுக்கு வயது 13, டீச்சர். ஜப்பானில் 14 வயது நிரம்பாதவர்களுக்குக் குற்றத் தண்டனை கிடையாது. நம் ஊரிலும் 13 வயதுக்காரனுக்கு ஜெயில் இல்லை; 2015 சிறார் நீதிச் சட்டப்படி சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு வைக்கலாம். 16 தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால்தான் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற பேச்சே வரும்.

உசிலம்பட்டி வாசகர்: மதுரைப் படங்களில் பார்க்காத பழிவாங்கலா?

பார்க்காததுதான். நம் படத்தில் அருவாளைத் தூக்கியவன் பின்னால் அண்ணன், மாமன், பங்காளி என்று ஒரு கூட்டமே நிற்கும். விசில் அடிக்கவும் ஓர் இடம் கிடைக்கும். இந்த டீச்சர் குரலைக்கூட உயர்த்துவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விடுகிறார். மீதியை வகுப்பே பார்த்துக்கொள்கிறது. அந்த இருவரில் ஒருவன் தன் வீட்டு அறைக்குள் அடைந்துகொள்கிறான். பள்ளிக்கு வரும் மற்றவனை மாணவர்கள் மதிப்பெண் போட்டு வதைக்கிறார்கள். புதிதாக வந்த வாத்தியாரோ ஆர்வக்கோளாறில் வாராவாரம் முதல் பையன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

முதல் அரை மணி நேரம் நாமும் 'நல்லா வேணும்' என்றுதான் உட்கார்ந்திருப்போம். அப்புறம் அறைக்குள் அடைந்துகிடக்கும் பையனின் அம்மா தன் பக்கத்தைச் சொல்லும்போது, 'நல்லா வேணும்' என்று நினைத்தது உறுத்தும். எனக்கு ரத்தக் காட்சிகளைவிட அதுதான் தாங்கவில்லை. ஸ்லோமோஷனை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

அனுப்பானடி அக்கா: பத்தாவது படிக்கும் மகனுக்குக் காட்டலாமா?

ஜப்பானிலேயே 15 வயதுக்கு மேல்தான் அனுமதி. தனியாக விட வேண்டாம், கூட உட்காருங்கள். எச்ஐவி உள்ளவரைத் தொடுவதாலோ, கூடச் சாப்பிடுவதாலோ அது பரவாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை.

திருமங்கலம் வாசகர்: ஆஸ்கர் வாங்கியதா?

இல்லை. ஜப்பான் அனுப்பியது, கடைசி ஒன்பது படங்கள் வரை வந்தது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.