இரண்டு சைக்கிள், நாலு வட்டி

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்குத் திருமணம் ஆகி ஒன்பது மாதம் ஆகிறது. மேடவாக்கத்தில் வாடகை வீடு. இருவரும் வேலை பார்க்கிறோம், கைக்கு 61,000, 47,000 என்று மொத்தம் 1,08,000 வருகிறது. ஐந்து மாதம் முன்பு இருவரும் ரோடு பைக் வாங்கி நெடுந்தூர சைக்கிளிங் தொடங்கினோம். போன மாதம் ஈசிஆரில் எங்கள் முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தோம். கல்பாக்கம் தாண்டி எனக்குப் பங்சர் ஆகியும் 12 மணி 50 நிமிடத்தில் வந்துவிட்டோம். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என் கணவரின் கிரெடிட் கார்டில் 1,84,000 பாக்கி. அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார், ஆனாலும் குறையவில்லை. மாமியார், "சைக்கிளை வித்துத் தொலைங்க" என்கிறார். கல்யாண மொய்ப் பணம் 2,20,000 எஃப்டியில் இருக்கிறது. அதை ஒன்றரை வட்டிக்குத் தரும்படி கணவரின் சித்தப்பா கேட்கிறார். 2027 ஆகஸ்டில் பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் ஓட்டத்துக்குப் போக ஆசை. இருவருக்கும் 5 லட்சம் ஆகும், பெர்சனல் லோன் போடலாமா? ஸ்டேட்மென்ட்களை இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: முதலில் அந்த 200 கிலோமீட்டருக்கு வாழ்த்து. பதின்மூன்றரை மணி நேரக் கெடுவில் பங்சரும் போட்டுக்கொண்டு நாற்பது நிமிட மிச்சத்தோடு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வரவு செலவு எழுதுங்கள், அவசர நிதி வையுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தோடு கணக்கையும் ஒழுங்காக அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 19,000. வீட்டுச் செலவு, பெட்ரோல், போன் 27,000. ஊருக்கு அனுப்புவது 8,000. கல்யாணத்துக்கு வாங்கிய பெர்சனல் லோன் தவணை 10,700. சைக்கிள் தவணை 11,800. எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது, 10,000. கார்டுக்குக் கட்டுவது 9,200. ஆக 95,700. மீதி 12,300 எங்கே போகிறது என்று கணக்கில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமல்லபுரத்தில் சாப்பிடும் பொங்கல், வடையில் கொஞ்சம் போகும் என்று ஊகிக்கிறேன். போகட்டும், அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் அந்த 9,200. நீங்கள் அனுப்பிய கடைசி ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இரண்டாம் பக்கத்தில், டியூப் இரண்டு 780 என்ற வரிக்கும் கை உறை 1,150 என்ற வரிக்கும் கீழே, "ஃபைனான்ஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருக்கிறது: 6,440. அதற்கடுத்த வரி ஜிஎஸ்டி 1,159. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 7,600. உங்கள் கணவர் கட்டும் 9,200இல் 7,600 வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது. அசலில் குறைவது 1,600. அதே மாதம் கார்டில் புதிதாக ஆறாயிரம், ஏழாயிரம் தேய்த்தால் கடன் எப்படிக் குறையும்? கல்யாணத்தன்று 1,35,000 ஆக இருந்தது இன்று 1,84,000 ஆகி நிற்கிறது.

ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்கிறீர்கள். உண்மைதான். தவறாமல் கட்டுவது "மினிமம் டியூ". கல்யாணத்துக்கு முந்தைய மாதம், போட்டோகிராபர் பாக்கி, மண்டப பாக்கி என்று கை இறுகியிருந்த நேரத்தில், ஆட்டோ டெபிட்டில் "மொத்தத் தொகை" என்பதை "குறைந்தபட்சத் தொகை" என்று மாற்றி வைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. மாதாமாதம் பணம் தானாகப் போகிறது, "நன்றி" என்று எஸ்எம்எஸ் வருகிறது, சிபில் ஸ்கோரும் கெடவில்லை. எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரியும். உங்கள் வீட்டில் நடக்கும் ஒரே தவறு அந்த ஒரு டிக்தான்.

இதை ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். 1,84,000க்கு 6,440 என்றால் மாதம் மூன்றரை சதவீதம், அதாவது நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் பதின்மூன்று காசு. நாலு வட்டி! உங்கள் கணவரின் ஊரான பேராவூரணியில் யாராவது நாலு வட்டிக்குப் பணம் கொடுத்தால் உங்கள் மாமனார் அவர் வீட்டுப் பக்கமே போகமாட்டார். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் மட்டும் நமக்கு உறைப்பதில்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு தீர்ப்பு சொன்னது. அதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே யாராவது வந்து வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. போன மாத பாக்கியை முழுதாகக் கட்டாமல் உருட்டினால், புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அந்த 780 ரூபாய் டியூபுக்கும்தான்.

ஒன்பது மாதத்தில் இப்படி ஏறக்குறைய 60,000 போயிருக்கிறது. உங்கள் சைக்கிளின் விலை 64,000. மூன்றாவதாக ஒரு சைக்கிள் வாங்கி வங்கி வாசலில் நிறுத்திவிட்டு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒரு ரூபாய்கூடப் புதிதாகத் தேய்க்காமல் மினிமம் டியூ மட்டும் கட்டினாலும், ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், பாக்கி 1,65,000க்குக் கீழே இறங்கியிருக்காது.

சரி, என்ன செய்வது? எஃப்டியை உடையுங்கள்.

மாமியார் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். மொய்ப் பணம் ஊர்க் கடன், அதைத் தொடக் கூடாது என்பார். அவர் சொல்வதில் பாதி மிகச் சரி. மொய் விருந்து நடக்கிற ஊர்ப் பக்கத்துக் குடும்பம், நோட்டில் எழுதி வைத்த ஒவ்வொரு ஐந்நூறும் ஆயிரமும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிப் போயாக வேண்டும். ஆனால் அந்தக் கடனின் குணத்தைப் பாருங்கள். வட்டி கிடையாது. ஒரே நாளில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து, பதினைந்து ஆண்டில் திருப்புவது. இந்த ஆண்டு நோட்டில் இருப்பது மூன்று கல்யாணம், 15,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பணத்தை ஆறே முக்கால் சதவீத எஃப்டியில் பூட்டி வைத்து மாதம் 1,240 சம்பாதித்துக்கொண்டு, இந்தப் பக்கம் மாதம் 7,600 கொடுக்கிறீர்கள். எஃப்டியை முன்கூட்டி உடைத்தால் வட்டியில் ஒரு சதவீதம் போலப் பிடிப்பார்கள், ஓரிரண்டாயிரம் போகும். போகட்டும்.

2,20,000இல் 1,84,000ஐ எடுத்துக் கார்டை ஒரே தவணையில் அடையுங்கள். மீதி 36,000ஐ மறுபடியும் எஃப்டியில் போட்டுவிடுங்கள். இந்த ஆண்டு மொய்க்கு 15,000 போனாலும் 21,000 நிற்கும். மாமியாரிடம் இதைச் சொல்லும்போது மொய் நோட்டையும் கார்டு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் கணவரே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

சித்தப்பா விஷயம் இதிலேயே முடிந்துவிடும். ஒன்றரை வட்டி, அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம், எஃப்டியைவிட எவ்வளவோ மேல் என்று உங்கள் கணவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மாதம் 3,000 வரும். வந்தால். அதே மாதம் கார்டுக்கு 7,600 போய்க்கொண்டே இருக்கும். நாலு வட்டிக்கு வாங்கி ஒன்றரை வட்டிக்கு விடுகிற வியாபாரத்தை யாரும் செய்வதில்லை. சித்தப்பாவிடம் பொய் சொல்ல வேண்டாம், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். "கார்டுக் கடன் இருந்தது சித்தப்பா, அதை அடைச்சிட்டோம், இப்ப கையில இல்ல" என்பது உண்மை. இருக்கிற பணத்தைத் தரமாட்டேன் என்பதைவிட இல்லாத பணத்தை இல்லை என்பது சொந்தத்துக்கும் நல்லது. அதனால் அவர் அடுத்த முறை வருவதற்கு முன்பே வங்கிக்குப் போய் வந்துவிடுங்கள்.

சைக்கிளை விற்பது பற்றி: வேண்டாம். இரண்டும் சேர்த்து 1,42,000க்கு வாங்கியது, ஐந்து மாதம் ஓடிய வண்டிக்குப் பாதி விலை வந்தாலே அதிகம். ஏழு மாதத் தவணையோ பாக்கி நிற்கும். சைக்கிள் இல்லாமல் தவணை மட்டும் கட்டுவது யாருக்கும் சந்தோஷம் தராது. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று வாங்கியது மட்டும் எனக்கு உவப்பில்லை. காஸ்ட் இல்லாமல் எந்த வங்கியும் பணம் தராது. கடைக்காரர் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில், முழுப் பணம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. வாங்கியாகிவிட்டது, உங்கள் கார்டில் நீங்கள் முழுத் தொகையும் கட்டிவருகிறீர்கள், முடியட்டும். அடுத்ததாக உங்கள் கணவர் கண் வைத்திருக்கும் 70,000 ரூபாய் கார்பன் வீலை மட்டும் தள்ளிப்போடுங்கள். 200 கிலோமீட்டரில் உங்களுக்கு நேரம் போனது பங்சரில்தானே?

ஆனால் மாமியாருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஐந்து மாதத்தில் லைட், ஜெர்சி, ஷூ, ஜிபிஎஸ் மீட்டர் என்று சாமான் மட்டும் 34,000. தொடக்கத்தில் அப்படித்தான் ஆகும், இனி ஆகக் கூடாது. டயர், செயின், பிரேக் பேட் தேய்மானம், பிஆர்எம் பதிவுக் கட்டணம், வழிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் மாதம் 5,000 என்று ஒரு தனி சேமிப்புக் கணக்கில் போட்டு அதிலிருந்தே யுபிஐயில் கொடுங்கள். கணக்கு காலியானால் அந்த மாதம் பழைய கை உறையோடு ஓட்டுங்கள்.

அந்த 5,000க்கு வெளியே ஒரே ஒரு செலவுக்கு ஒப்புக்கொள்வேன். 300, 400 கிலோமீட்டர் என்று போகும்போது இரவில் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறீர்கள். 400க்குக் கெடு 27 மணி நேரம், இருட்டு இல்லாமல் முடியாது. ஆபீஸ் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். கை முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தால் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? வாரத் தொகை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆளுக்கு ஒன்று எடுங்கள். சைக்கிள் பந்தயம், சாகச விளையாட்டு விலக்கு என்று பாலிசியில் எங்காவது இருக்கிறதா என்று படித்துவிட்டு எடுங்கள்.

எஸ்ஐபி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கண்ணில் பட்டுவிட்டது. 10,000 முழுவதும் ராணுவத் தளவாடக் கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஒரு டிஃபென்ஸ் தீம் ஃபண்டில், "யூனிட் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது" என்ற குறிப்போடு. பத்து ரூபாய் என்பதால் அது மலிவு ஆகிவிடாது. ஆபீஸ் நண்பர் சொன்னார் என்று ஒரே துறையில் எல்லாவற்றையும் போடுவதைவிட, பல துறைப் பெரிய கம்பெனிகளிலும் பிரித்துப் போடும் சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

இனி பாரிஸ். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம், நாலு ஆண்டுக்கு ஒருமுறை. ஆசை நியாயமானது. கணக்கு போடுவோம். கார்டு அடைந்ததும் மாதம் 9,200 மிச்சம். ஏழு மாதத்தில் சைக்கிள் தவணை முடிந்ததும் அதோடு 11,800 சேரும், ஆக 21,000. இதில் முதல் வேலை மொய்ப் பணத்திலிருந்து எடுத்த 1,84,000ஐத் திரும்ப வைப்பது. முதல் ஏழு மாதத்தில் 64,400, மீதிக்கு இன்னும் ஆறு மாதம், மொத்தம் பதின்மூன்று மாதம். அப்புறம் 2027 ஆகஸ்டுக்கு இருக்கும் ஒன்றரை ஆண்டில் எஞ்சியிருப்பது ஐந்து மாதம், சேருவது 1,05,000. ஐந்து லட்சத்துக்கு நாலு லட்சம் குறைகிறது. அதற்குப் பெர்சனல் லோன் போட்டால், கல்யாணக் கடன் தவணையோடு இன்னொரு பத்தாயிரம் ஓடும். வேண்டாம்.

2031இல் போங்கள். அதுவரை மாதம் பத்தாயிரம் ஒதுக்கினாலே, நாலு ஆண்டில் 4,80,000 கையில் இருக்கும், வட்டி தனி. பாரிஸுக்கு அந்த ஆண்டே 200, 300, 400, 600 நான்கையும் முடித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முந்தைய ஆண்டு நீளமான பிஆர்எம் முடித்தவர்களுக்குப் பதிவு முன்னதாகத் திறக்கும் என்பதால், 2030இல் ஒரு 1,000 கிலோமீட்டர் பிஆர்எம் ஓட்டிவிட்டால் இடத்துக்கும் கவலையில்லை. 2027இல் அந்த நான்கையும் ஒரே ஆண்டில் முடித்து சூப்பர் ராண்டனர் ஆவதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை.

கடைசியாக, வங்கிக்குப் போகும் நாளில் செய்ய வேண்டியது. பணம் கட்டியதும் ஆட்டோ டெபிட்டை "மொத்தத் தொகை" என்று மாற்றுங்கள். கார்டு லிமிட்டை மூன்று லட்சத்திலிருந்து ஐம்பதாயிரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் மறுபடியும் சில ஆயிரம் வட்டி என்று வரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். போன ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரைக்குமான வட்டி அது. அதையும் முழுதாகக் கட்டிவிட்டு, அதற்கு அடுத்த ஸ்டேட்மென்டில் இரண்டாம் பக்கத்தைத் திறந்து ஃபைனான்ஸ் சார்ஜ் வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இல்லையென்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.