எழுத்தே இல்லாமல், குறியீடுகளை மட்டும் வைத்து ஒருவருக்கு வழி காட்டும் படம் வரைவது எப்படி?

நான் நீடாமங்கலம் பக்கம். சம்பா அறுவடைக்கு வெளியூரிலிருந்து வரும் மிஷின் ஓட்டுநர்களுக்கு நாலைந்து வருடமாக இப்படிப் படம் போட்டுக் கொடுக்கிறேன். சிலருக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் எழுத்தே கிடையாது.

முதலில் தூரத்தை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் வழி தவறுவது தண்ணீரைத் தாண்டும் இடத்தில்தான். வயல் எதிரிலேயே தெரியும், நடுவில் ஒரு வாய்க்கால். மிஷின் ஏறக்கூடிய பாலமோ எங்கேயோ தள்ளி இருக்கும். போன் காட்டும் வழியில் போனால் நடைபாலத்தில் போய் நிற்க வேண்டியதுதான். அதனால் நான் முதலில் பாலங்களைக் குறிப்பேன், அப்புறம் அவற்றை நேர்கோட்டால் இணைப்பேன். வளைவு நெளிவெல்லாம் வேண்டாம்.

லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் செய்ததும் இதுதான். 1931-இல் வரைந்து 1933-இல் அச்சான அவருடைய படத்தில் பாதைகள் நேர்கோடாகவோ 45 டிகிரி சாய்வாகவோதான் போகும். நிலையங்களின் வரிசையும் வண்டி மாறும் இடமும் சரியாக இருக்கும், அவ்வளவுதான். தரைக்கு மேலே உள்ளவற்றில் அவர் விட்டுவைத்தது தேம்ஸ் ஆறு ஒன்றை மட்டும்! அதைக் கவனித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வடகரையா தென்கரையா என்று தெரிந்துவிட்டால் பாதி வழி தெரிந்த மாதிரிதானே.

தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூரை மூடுவார்கள். அதற்கப்புறம் வருகிறவருக்கு ஓட்டமே தெரியாது. ஆறு என்றால் கிழக்கே போகும் என்ற கணக்கும் இங்கே உதவாது. எங்கள் மூணாறு தலைப்பில், அதாவது ஆற்றைப் பிரித்துவிடும் மதகில், வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் தெற்கே திரும்பிவிடும்.

கடைசியில் கைகொடுத்தது கிளை வடிவம். பாசன வாய்க்கால் போகப்போகப் பிரியும், வடிகால் போகப்போகச் சேரும். ஒரு கவட்டையை நிமிர்த்தி வரைந்தால் முதலாவது, கவிழ்த்து வரைந்தால் இரண்டாவது. தண்ணீர் இல்லாவிட்டாலும் கரையில் நின்றாலே அந்த வடிவம் தெரியும்.

குறியீடு உங்களுக்குப் புரிந்தால் போதாது. பாலத்துக்கு நான் இரண்டு குறுக்குக் கோடு போட்டிருந்தேன். ஆத்தூர் ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ரயில்வே கேட்டாண்ணே?" என்றார். அப்புறம்தான் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறையாக மாற்றினேன். மிஷின் தாங்காத பாலத்துக்கு அதையே நடுவில் உடைத்துவிடுவேன்.

இப்போதெல்லாம் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாய் திறக்க மாட்டேன். அவர் விரல் கோட்டின் மேல் நகர்வதை மட்டும் பார்ப்பேன். போன தையில் இரண்டாவது மதகைத் தாண்டியதும் விரல் நின்றுவிட்டது. அந்த இடத்தில் நெடுந்தூரத்துக்கு அடையாளமே இல்லை. அங்கே இருந்த ஒற்றைப் பனையை ஒரு கோடும் மேலே ஒரு புள்ளியுமாகச் சேர்த்தேன், விரல் மறுபடி நகர்ந்தது.