ஆச்சியின் சுருக்குப் பையில் 25 காசுகள்

கேள்வி: எங்கள் ஆச்சி செங்கோட்டையில் பிறந்து அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் காலமானபின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது. ராணி தலையும் ராஜா தலையும் போட்ட வெள்ளி ரூபாய் 23. துவரம்பருப்பு அளவில் இரண்டு வெள்ளிப் பொட்டுகள். திருநெல்வேலி டவுனில் ஒரு நகைக்கடையில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து ஒரே விலை சொன்னார்கள். பாளையங்கோட்டையில் காசு சேகரிக்கும் ஒருவரோ மூன்று ரூபாயை மட்டும் பொறுக்கி, வெள்ளி விலையைப்போல் இரண்டு மடங்கு தருகிறேன் என்கிறார். பொட்டுகளுக்குத் தனி விலை. மற்றவை வேண்டாமாம். எல்லாவற்றையும் உருக்கித் தன் மகளுக்குக் கொலுசு செய்யலாம் என்பது அண்ணன் யோசனை. உள்ள வெள்ளிக்கு மேல் ஒருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இதில் ஏதும் சூது உண்டா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ திருநீறோ போட்டு அந்தக் காசுகளைத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு விக்டோரியா ரூபாய் இருந்தது. ராணியின் கூந்தல் இழையைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் நான்தான் அதைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று, கூடவே புதுக்கருக்கும் போயிற்று. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராணியின் கன்னமெல்லாம் கீறல். இன்றும் அதைக் கையில் எடுத்தால் மனம் வலிக்கிறது. எடையில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை, நகைக்கடையில் அதற்கு அதே விலைதான். சேகரிப்பவர்தான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் கேள்விக்கு விடை பாதிக்கு மேல் இதிலேயே இருக்கிறது.

கடைக்காரர் கணக்கைப் பார்ப்போம். அந்தக் கால ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி 10.69 கிராம் வரும். போர்க்காலத்தில், 1940 முதல், இதைப் பாதியாகக் குறைத்தார்கள். எடையும் அளவும் மாறவில்லை, உள்ளே வெள்ளி மட்டும் 5.83 கிராம் ஆயிற்று. ஆகவே மொத்தத்தையும் ஒரே தட்டில் போட்டு ஒரே விலை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கலப்புக் காசுக்கான விலையைப் பழைய காசுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆண்டைப் பார்த்து 1939 வரை ஒரு குவியல், 1940 முதல் இன்னொன்று என்று பிரித்து வையுங்கள். தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள்.

இது உருக்கு விலை. உருக்கினால் எந்த ராஜா தலையும் ஒன்றுதான். சேகரிப்பவர் கணக்கு வேறு: இந்த அச்சில், இந்த ஆண்டில் அடித்தவற்றில் உலைக்குப் போகாமல் எத்தனை மிஞ்சின, மிஞ்சியவற்றில் எத்தனை தேயாமல் இருக்கின்றன என்று பார்ப்பார். 1911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அந்த ஆண்டில் வந்தது. அரசரின் அங்கிமேல் ஒரு சங்கிலி, அதில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் யானை பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டார்கள். வெளியிடாமல் நிறுத்திய காசுகள் உருக்கப்பட்டன. மறு ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றால் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் பொறுக்கிய மூன்றில் 1911 ஒன்று இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இன்னும் அரிது. அதற்கு அடுத்த ஆண்டே வெள்ளி குறைந்துவிட்டதால் பெரும்பாலும் உலைக்குப் போய்விட்டது. அதனாலேயே ஆண்டின் கடைசி எண்ணைத் திருத்திய போலிகள் உலவுகின்றன.

வயதை மட்டும் வைத்து விலை ஏறாது. 1918 ரூபாய்க்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதல் உலகப் போரில் இங்கே வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கா பிட்மன் சட்டம் இயற்றி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்திய ரூபாய்க்காகக் கப்பலேறி வந்தது. எவ்வளவு பெரிய கதை! ஆனால் கோடிக்கணக்கில் அடித்த காசு, வேண்டிய மட்டும் கிடைக்கிறது. தேய்ந்ததாக இருந்தால் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் தேறாது. அவர் மற்றவற்றை ஒதுக்கியது இதனால்தான். ஓட்டை போட்டதும் வளையம் பற்றவைத்ததும் அப்படியே.

அந்த இரண்டு பொட்டுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆச்சி சிறுமியாக இருந்தபோது அது திருவிதாங்கூர்ச் சீமை. ஆகவே அவை அந்த ஊர் வெள்ளிச் சக்கரமாகத்தான் இருக்க வேண்டும். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஒன்று அரை கிராம்கூட இருக்காது. விரலுக்கு அகப்படாத இந்தக் காசை எண்ணச் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். வரிசையாகக் குழி தோண்டிய மரப்பலகை அது. காசை அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்று உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டுக் குழிகளைக் கணக்குப் பார்த்தால் போதும். நகைக்கடைத் தராசில் முள் அசையாத பொருளுக்கு அவர் தனி விலை பேசுவது சூதல்ல. பெரிய தொகை வராது என்பதால் அவற்றை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆச்சி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாமே!

மூன்று ரூபாய்க்கு இரண்டு மடங்கு என்பது நல்ல விலையா என்பது ஆண்டையும் தேய்வையும் பொறுத்தது. விற்பதற்குமுன் இன்னொரு சேகரிப்பாளரிடமாவது காட்டுங்கள். வாங்குகிறவருக்கும் லாபம் வேண்டும். கேட்ட முதல் விலையே முடிந்த விலை ஆகாது. காசை விளிம்பில் பிடியுங்கள். காகித உறையில் வையுங்கள், மெழுமெழுப்பான பிளாஸ்டிக் உறையில் நாளாக நாளாகப் பச்சை பிடிக்கும். வெளிநாட்டு உறவினர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். 100 ஆண்டு கடந்த காசை அரசு அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தராது.

அண்ணனிடம் சொல்லுங்கள்: பாதி வெள்ளிக் காசை அப்படியே உருக்கினால் கொலுசுக்கு ஆகாது, சுத்தம் செய்யும் செலவும் சேதாரமும் போக மிஞ்சுவது கொஞ்சம். தேய்ந்துபோனவற்றை எடைக்கு விற்று, அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் புதுக் கொலுசு வாங்கட்டும்.

ராணி தலைக் காசுகளில் 1862 என்று ஏதும் இருக்கிறதா? அந்த ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பொடிப் புள்ளிகளை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் புள்ளிகளை எண்ணி எனக்கு எழுதுங்கள்.