பாய் விரித்தவரை மறப்பார்களா?

கேள்வி: மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் காலத்து உதவிப் பயிற்சியாளர்களை மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இன்னும் தூக்கிவைத்துப் பேசுகிறார்களே, ஏன்? திட்டமெல்லாம் பெரியவருடையது, இவர்கள் பயிற்சிக்குக் கோன் அடுக்கியவர்கள்தானே? தனியே போய் ஜெயித்தவர் யார்?
— வாசகர், திருச்சி

பதில்: கோன் மட்டுமா, பாயே விரித்திருக்கிறார்கள். 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் எதிரணி பார்சிலோனா. அதற்கான பயிற்சியில் ஃபெர்குசனின் உதவியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் மைதானத்தில் உடற்பயிற்சிப் பாய்களைப் போட்டு, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கெஜக் கணக்குப் பிசகாமல் குறித்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்து நடந்தே ஒத்திகை. மெஸ்ஸி பந்தோடு உள்ளே வெட்டி வரும்போது அவர் பின்னால் ஓடினால் நம் இடம் காலி. அடுத்த பாஸ் அங்கேதான் வரும். ‘ஆளைத் துரத்தாதே, இடத்தைக் காத்துக்கொள்’ என்று வாயால் சொன்னால் ஆட்டச் சூட்டில் மறந்துபோகும். காலுக்குப் பழக்கினால் மறக்காது. பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் 0–0. யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் ஸ்கோல்ஸ் அடித்த ஒரே கோல். 180 நிமிடத்தில் பார்சிலோனாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பை மாஸ்கோவில் நடந்த இறுதியாட்டத்தில் வந்தது.

உதவியாளர் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2001 கோடையில் அப்போதைய உதவியாளர் ஸ்டீவ் மெக்லாரன் மிடில்ஸ்பரோவுக்கு மேலாளராகப் போனார். அவர் இடத்துக்கு வெளியிலிருந்து யாரையும் எடுக்கவில்லை. முந்தைய லீக் சீசனில் 31 கோல் வாங்கிய அணி, அடுத்ததில் 45 வாங்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. 2002-இல் கெய்ரோஸ் வந்தார்: 34 கோல், பட்டம். 2003-இல் ரியல் மாட்ரிட் அவரைக் கொத்திக்கொண்டு போனது. மறுபடி மூன்றாம் இடம். 2001-இல் தடுப்பாட்டக்காரர் ஸ்டாமை விற்றது, பிறகு இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஃபெர்டினாண்டுக்கு விழுந்த எட்டு மாதத் தடை ஆகியவையும் காரணம்தான். முழுப் பழியையும் காலி நாற்காலி மேல் போட மாட்டேன்.

‘எல்லாம் பெரியவருடையது’ என்கிறீர்கள். அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அணியில் இருந்தபோதே அங்கே உதவியாளரான ஆர்ச்சி நாக்ஸ், எல்லாவற்றையும் நீங்களே செய்வதானால் நான் எதற்கு என்று அவரிடம் கேட்டுவிட்டார். அதன் பிறகுதான் ஃபெர்குசன் பயிற்சியை உதவியாளர் கையில் விட்டு, ஓரத்தில் நின்று பார்க்கத் தொடங்கினார். பயிற்சியை நடத்துகிறவர் கண் பந்து மேல் இருக்கும். யார் நொண்டுகிறார், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் சும்மா நிற்பவர் கண்ணில்தான் படும்.

ஆனால் அன்றும் இப்படித்தான் கொண்டாடினார்கள் என்று எண்ண வேண்டாம். 2005-இல், மாட்ரிட்டிலிருந்து திரும்பி வந்திருந்த கெய்ரோஸின் ஆட்ட முறை பிடிக்காமல், பழைய 4-4-2 வரிசையே வேண்டும் என்று ரசிகர்கள் ‘ஃபோர் ஃபோர் டூ’ எனக் கத்தினார்கள். அந்த சீசன் சாம்பியன்ஸ் லீக் குழுவில் கடைசி இடம். கத்தியவர்களில் பாதிப் பேர் இன்று உருகுகிறவர்களாக இருப்பார்கள்.

தனியே போனவர்களா? மெக்லாரன் மிடில்ஸ்பரோவுக்கு 2004 லீக் கோப்பையை வாங்கித் தந்தார்; இங்கிலாந்தை யூரோ 2008-க்குக் கொண்டுபோக முடியவில்லை. மெக்லாரனுக்கு முன் உதவியாளராக இருந்த பிரையன் கிட் கதை இன்னும் கொடுமை. 1993-இல் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேவுக்கு எதிராக ஸ்டீவ் புரூஸ் கடைசி நேரத்தில் இரண்டாவது கோலைத் தலையால் முட்டியதும் மைதானத்துக்குள் ஓடி மண்டியிட்டாரே, அவர்தான். 1998 டிசம்பரில் பிளாக்பர்ன் மேலாளராகப் போனார். 1999 மே 12 அன்று யுனைடெட்டுடன் 0–0. அந்த டிராவிலேயே பிளாக்பர்ன் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பிற்பாடு மான்செஸ்டர் சிட்டியில் மறுபடி உதவியாளர் வேலை. 2012-இல் இரண்டு அணிக்கும் 89 புள்ளி. யுனைடெட்டைக் கோல் வித்தியாசத்தில் முந்தி சிட்டி பட்டம் வாங்கியபோது, சிட்டியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கிட்.